கன்ட்ரோல் எஃப்9-க்குப் பின்னால..!

சிதம்பரத்துல எங்க கம்ப்யூட்டர் லேப்ல ரெண்டே கட்சிதான் பாஸ்! ‘எழுத, கம்பைல் பண்ண, ஓட்ட... எல்லாம் ஒரே ஜன்னல்ல வேணும்’ங்கிற ஐடிஇ கட்சி. ‘எடிட்டர்ல எழுது, டெர்மினல்ல கம்பைல் பண்ணு’ங்கிற எடிட்டர் கட்சி. கடலூர்ல இருந்து தினமும் வந்துபோற அடியேன், ரெண்டாவது கட்சி!

நம்ம இன்ஜினீயரிங் பசங்க பலருக்கும் முதல்ல அறிமுகமான ஐடிஇ, போர்லாண்ட் கம்பெனி 1987-ல வெளியிட்ட டர்போ சி. அந்த நீலத்திரையில கன்ட்ரோல் எஃப்9 தட்டினா புரோகிராம் ஓடும். டாஸ் காலத்துல அது செம வசதி. சிக்கல் எங்கேன்னா, கேம்பஸ் இன்டர்வியூல!

‘இன்ட்டுக்கு எத்தனை பைட்?’னு கேட்டதும் ‘ரெண்டு’ன்னு பட்டுனு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. டர்போ சி-யில அது சரிதான். அங்கே 32767-ஓட ஒண்ணைக் கூட்டி இன்ட்ல வெச்சா, மைனஸ் 32768 வந்து நிக்கும். அதையே இன்னிக்கு லேப்டாப்புல ஜிசிசி-யில போட்டா, சமர்த்தா 32768. ஏன்னா, இங்கே இன்ட் நாலு பைட். ‘கம்பைலரைப் பொறுத்தது சார்’ங்கிறதுதான் பதில். நீலத்திரையை மட்டுமே பார்த்தவங்களுக்கு, உள்ளே கம்பைலர்னு ஒருத்தர் உட்கார்ந்திருக்கிறதே தெரியாது!

கடலூர்ல பஸ் ஏறித் தூங்கி சிதம்பரத்துல முழிக்கிற மாதிரிதான் ஐடிஇ. சுகம்தான். ஆனா வண்டி நடுவழியில நின்னா, அது ஆலப்பாக்கமா, புதுச்சத்திரமானு தெரிய வேணாமா? புரோகிராமுக்கும் நாலு ஸ்டாப்பிங் உண்டு. ஹெடர் ஃபைல்களை இழுத்துச் சேர்க்கிறவர் பிரீபிராசஸர். அதை அசெம்பிளியா மாத்துறவர் கம்பைலர். மெஷின் மொழியாக்குறவர் அசெம்ப்ளர். எல்லாத்தையும் கோக்கிறவர் லிங்கர். செமிகோலனை விட்டா கத்துறது கம்பைலர். ‘அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்’னு கத்துறது லிங்கர். யார் கத்துறாங்கனு தெரிஞ்சாதானே வைத்தியம் பார்க்க முடியும்?

2015-ல வந்த விஎஸ் கோட் கதையும் இதுதான். அது அடிப்படையில எடிட்டர். சி கம்பைலர் அதுகூட வராது. ‘அண்ணா, ரன் குடுத்தா ஓடவே மாட்டேங்குது’னு ஜூனியர் வந்து நின்னா, ‘ஜிசிசி போட்டியாடா தம்பி?’ங்கிறதுதான் முதல் கேள்வி.

அதுக்காக ஐடிஇ வேஸ்ட்னு சொல்லலை. ஆண்ட்ராய்டு ஆப் பண்ண நோட்பேடோட உட்கார்ந்தா விடிஞ்சிரும். ஆயிரம் வரி புராஜெக்ட்ல பிழையைத் தேட, பிரேக்பாயின்ட் வெச்சு ஒவ்வொரு வரியா நகர்த்திப் பார்க்கிறது வரம். ஆனா, வழி தெரிஞ்சவன் தூங்கலாம். வழி தெரியாதவன் தூங்கக் கூடாது!

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு ‘ஹலோ’ புரோகிராம் எழுதி, ஜிசிசி கமாண்டோட ‘மைனஸ் சேவ் மைனஸ் டெம்ப்ஸ்’ சேர்த்து கம்பைல் பண்ணுங்க. ஒவ்வொரு ஸ்டாப்பிங்குக்கும் ஒரு ஃபைல் ஃபோல்டர்ல வந்து உட்காரும். அதுல டாட் ஐ-னு முடியுற ஃபைலைத் திறங்க. நீங்க எழுதின அஞ்சு வரி நூத்துக்கணக்கான வரியா விரிஞ்சிருக்கும். அப்புறம் நிம்மதியா ஐடிஇ-க்குப் போங்க... யாரு வேணாம்னா!