இரவல் வாங்கிய மூக்குப்பேணி

ஓவியம் தீட்டுபவனுடைய அறையில் வடக்குச் சாளரமே திறந்திருக்க வேண்டும் என்பது, நான் இளமையிற் படித்த நூல்கள் யாவும் ஒருமுகமாகச் சொல்லிய விதி. ஆகவே, கிளிநொச்சியில் ஆசிரியராயிருக்கும் நண்பரொருவர், இரணைமடுக் குளத்து வாய்க்கால் ஒன்றின் அருகே வசிக்கும் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியரிடம் ஆனி மாதத்துக் காலைப்பொழுதில் என்னை அழைத்துச் சென்றபோது, அங்கே வடக்குச் சாளரம் சாக்கினால் இறுக மறைக்கப்பட்டுத் தெற்குச் சாளரம் அகலத் திறந்திருக்கக் கண்டு பெரிதும் ஆச்சரியமடைந்தேன்.

"புத்தகத்திலை உள்ளது ஐரோப்பாவுக்குச் சரி, ஐயா. எங்கடை சூரியன் வேறை" என்றார் மாஸ்டர். ஊரில் எல்லாரும் அவரை அப்படித்தான் அழைக்கிறார்கள்.

ஐரோப்பாவில் சூரியன் ஆண்டு முழுவதும் நண்பகலிலே தென்புறமாகவே நிற்பதால், வடக்குச் சாளரத்தின் வழியே வெயில் பெரும்பாலும் நுழையாது. ஆகாயத்தின் நிதானமான வெளிச்சம் மட்டுமே வரும். கிளிநொச்சியோ பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 பாகைக்குச் சற்று அதிகமான தூரத்தில் இருப்பது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டி இங்கே சூரியன் உச்சம் கொடுப்பதை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டுதோறும் அறிவிக்கிறது. அதன் பின்னர் ஆகஸ்ட் மாத இறுதியில் அது மீண்டும் தலைக்கு மேலே வரும்வரை, நண்பகலிலும் வடபுறத்திலேயே நிற்கிறது. அந்த நான்கரை மாதமும் வடக்குச் சாளரத்தைத் திறந்தால், காலையும் மாலையும் வெயில் சரிவாகப் புகுந்து, மேசைமேல் வைத்த பொருளின் நிழலை நாழிகைக்கொரு திசைக்கு இழுத்துவிடும். ஆதலால் மாஸ்டர் ஆண்டுக்கு இருமுறை தம் மேசையை அறையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றுகிறார். இதை எந்த நூலிலும் நான் படித்ததில்லை. கண்ணால் உழைக்கும் ஒருவர் தம் ஊரின் வானத்தைப் பார்த்துத் தாமே அறிந்துகொண்ட சாஸ்திரம் அது.

அவர் தீட்டுபவை அசையாப் பொருள்கள். தெய்வ உருவமோ, மனித முகமோ, இயற்கைக் காட்சியோ அல்ல. அடுக்களையிற் கிடக்கும் நீத்துப்பெட்டி, திருவலை, அரிக்கன் லாம்பு, நாலைந்து சின்ன வெங்காயம் முதலியவையே. பிரான்சிலே பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷார்டின் செப்புப் பாத்திரங்களையும் முட்டைகளையும் தீட்டி அழியாப் புகழ் பெற்றார். நம்மவருள் அடுக்களைப் பொருளைக் கண்ணெடுத்து நோக்கும் பழக்கம் அரிதாயினும், வடபுலத்திற் சித்திரப் பயிற்சிக்குக் குறைவிருந்ததில்லை. சித்திர வித்தியாதரிசியாயிருந்த எஸ். ஆர். கனகசபை 1938 இல் யாழ்ப்பாணத்திலே வின்ஸர் ஓவியக் கழகத்தை ஆரம்பித்தார். பின்னர், 1933 இல் குருநகரிற் பிறந்த அ. மாற்கு தம் மாணாக்கர் பலருக்குக் கண் திறந்துவிட்டார். மாற்குவிடம் பயின்ற ஒருவரிடம் தாம் பயின்றதாக மாஸ்டர் சொன்னபோது, அவருடைய குரலில் ஒரு வம்சாவளியை உரைப்பவரின் மரியாதை இருந்தது.

கன்வஸ் துணி வாங்க இப்போது அவருக்கு வசதியில்லை. பழைய பருத்தி வேட்டியைத் துவைத்து, வச்சிரப் பசையால் ஒட்டுப்பலகையின்மேல் ஒட்டி, அதன்மீது மேலும் பசை பூசி, சீமைச்சுண்ணாம்புத் தூளைப் பசையிற் குழைத்து மூன்று முறை தடவி, உலர்ந்தபின் தேய்த்து வழுவழுப்பாக்கிக்கொள்கிறார். பசைப்பூச்சு இல்லாமல் எண்ணெய் நேரே துணியிற் பட்டால், இழைகள் நாளடைவில் இற்றுப்போகும். வர்ணங்களைத் தட்டில் ஒழுங்குபடுத்தும் கிரமத்தையும் அவர் விரிவாகச் சொன்னார். எனினும் என் கவனமெல்லாம் உலர்தல் என்னும் விஷயத்திலேயே நின்றுவிட்டது. நீர்வர்ணம் ஈரம் ஆவியாகி உலர்வது. ஆளிவிதை எண்ணெயோ காற்றிலுள்ள பிராணவாயுவை உள்வாங்கி, மெல்ல மெல்ல இறுகித் தோலாகிறது. ஆகவே கீழ்ப்பூச்சில் எண்ணெயைக் குறைத்து, ரேபன்ரைன் என்று கடையில் விற்கும் கர்ப்பூரத் தைலத்தாலே நீர்க்கச் செய்து, மேலே போகப்போக எண்ணெயைக் கூட்ட வேண்டும். மாறிச் செய்தால் அடிப்பூச்சு உலருமுன் மேற்பூச்சு இறுகி வெடித்துவிடும். பேர்ன்ட் அம்பர் என்னும் கபில நிற மண்ணில் மங்கனீசு இருப்பதால் அது விரைவில் உலர்கிறது. அதனாலேயே முதல் வரைவை அவர் அதனாற் செய்கிறார். மாரியில் எல்லாமே தாமதம். பலகையின் பின்புறம் பூஞ்சணமும் பிடிக்கும். இப்போதோ சோளகக் காற்று. இத்தாலியின் பொலோஞ்ஞா நகரில் வாழ்ந்து 1964 இல் மறைந்த மொராண்டி, தம் போத்தல்களின்மேல் தூசி படிய விட்டு அந்தத் தூசியையும் தீட்டினார். வன்னியின் செம்மண் தூசியோ அவ்வளவு பொறுமையுடையதன்று. ஈர வர்ணத்தின்மேலேயே வந்து ஒட்டிக்கொள்கிறது. நிலத்தில் நீர் தெளித்து, வாசலில் நனைந்த சேலையொன்றைத் தொங்கவிட்டு, தகரக் கூரை கொதிக்கத் தொடங்கும் பத்து மணிக்கு முன்னர் அன்றைய வேலையை அவர் முடித்துக்கொள்கிறார்.

மேசையில் அன்று இருந்தது ஒரு பித்தளை மூக்குப்பேணி. உதடு படாமல் அண்ணாந்து நீர் அருந்துவதற்கென்று மூக்கு வைத்து வார்த்த பழைய பேணி. அதனடியைச் சுற்றி வெண்கட்டியாற் கோடு கீறியிருந்தது. எடுத்து மீண்டும் வைத்தால் மயிரிழையும் விலகலாகாது. தம் வீட்டுப் பொருளொன்றையும் அவர் தீட்டுவதில்லை. 2009 இல் முடிந்த போருக்குப் பின் தீட்டுவதற்கு அவரிடம் பழைய பொருளொன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் அயலில் வாங்கிய இரவல். பேணி, வாய்க்காலுக்கு அப்பாலிருக்கும் ஆச்சி ஒருவருடையது. 2008 முடிவில் ஊரைவிட்டு வெளியேறியபோது அவர் அதைக் கிணற்றடியிற் கிடங்கு வெட்டிப் புதைத்துவிட்டுப் போனார். 2010 இல் திரும்பி வந்து தோண்டியபோது மண்வெட்டி பட்டு, வயிற்றுப் பக்கத்தில் பெருவிரல் நகமளவு நெளிந்துவிட்டது. அந்த நெளிவில்தான் சாளரத்து வெளிச்சம் ஒரு புள்ளியாகக் கூடி நிற்கிறது.

பித்தளைக்கென்று தனியொரு வர்ணம் டியூபில் இல்லை. மஞ்சட் காவியும், கபிலமும், களிம்பின் பச்சையும், பக்கத்து வெங்காயத்தின் சிவப்பும், சாளரத்து நீலமும் அததன் இடத்தில் அமர்ந்த பின்னரே கண் அதைப் பித்தளையென்று ஏற்கிறது. ஒளிப்புள்ளியை ஏன் இன்னும் வைக்கவில்லையென்று கேட்டேன். "அதை முதலிலை வைச்சால் மிச்சமெல்லாத்தையும் நான் வடிவாய்ப் பார்க்க மாட்டன்" என்றார்.

இதே பேணியை அவர் முன்னரும் ஒருமுறை தீட்டத் தொடங்கினாராம். பாதி வேலையில், வீட்டில் ஏதோ விசேஷமென்று ஆச்சி வாங்கிப் போய், மாஸ்டரின் படத்துக்கு அழகாயிருக்கட்டும் என்று பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பொன்போலத் திருப்பிக் கொடுத்தார். ஒரு மாத காலம் அவர் நோக்கியிருந்த மங்கல் ஒரு காலையில் மறைந்துவிட்டது. ஆச்சியிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல், பித்தளை மீண்டும் கறுக்கும்வரை அவர் காத்திருந்தார்.

இத்தனை சிரத்தைக்குக் கிடைக்கும் பிரதிபலனை எண்ணினால் நெஞ்சு கொதிக்கிறது. எண்ணெய் வர்ண டியூபுகள் யாவும் இறக்குமதி. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர் சில மாதங்களுக்குள் 350 ஐக் கடந்தபோது அவர் வெள்ளை வர்ணத்தைக்கூடச் சொட்டுச் சொட்டாகச் செலவிட்டார். படங்களைக் கொழும்பில் விற்றுக் கொடுக்கும் தரகர் ஒருவர் விலையிற் பாதியை எடுத்துக்கொள்கிறார். அதையாவது பொறுக்கலாம். அந்த மனிதர், பேணியும் வெங்காயமும் யாருக்கு வேண்டும், வன்னியென்றால் எரிகிற வீடும் அழுகிற பெண்ணும் தீட்டித் தாருங்கள், வெளிநாட்டார் வாங்குவர் என்று சொல்லியனுப்பினாராம். ஒருவனுடைய உழைப்பிற் பாதியைப் பறிப்பது கொள்ளை; அவன் எதற்காக அழவேண்டும், எவ்வளவு அழவேண்டும் என்பதையும் விலைப்பட்டியலிட்டு அனுப்புவது கொள்ளையினும் கொடியது. இம்மண்ணிலே துயரப்பட்டவர்களுக்குத் தம் வீட்டுப் பேணியை நெடுநேரம் அமைதியாகப் பார்த்திருக்கும் உரிமையும் இல்லையா? அழுகையை மட்டுமே விளைவிக்கும் வயலாகவா வன்னியை இவர்கள் கருதுகிறார்கள்? கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் எத்தனையோ எழும்பியிருக்கின்றன. அவற்றின் வெற்றுச் சுவரில் இத்தகைய படமொன்றை, தரகரில்லாமல், உரிய விலை கொடுத்து வாங்கி மாட்டுவதற்கு யாருக்கும் மனம் வராமலிருப்பதை என்னாற் சகிக்க முடியவில்லை.

மாஸ்டர் இதற்கெல்லாம் கோபிப்பதில்லை. ஓர் அற்புதமான அமைதியோடு, எலிவாலளவு சிறிய தூரிகையால், மூக்கின் அடிநிழலைத் திருத்திக்கொண்டிருந்தார்.

பத்து மணியாகும் வேளையில் ஆச்சி வந்தார். பேரப்பிள்ளை வந்திருக்கிறான், பேணியிற் பால் குடிக்க ஆசைப்படுகிறான் என்றார். படத்தின் முன்னே சற்று நேரம் நின்று பார்த்து, "உந்த நெளிவை விட்டிட்டுக் கீறியிருக்கலாம், மாஸ்டர்" என்றார்.

மாஸ்டர் வெண்கட்டிக் கோட்டை இன்னொருமுறை அழுத்திக் கீறிவிட்டு, பேணியை இரு கைகளாலும் எடுத்து நீட்டினார்.

"ஆச்சி, புளி மட்டும் போட்டிடாதையுங்கோ."

"பிள்ளை குடிக்கிற பேணியைத் தேய்க்காமல் என்னெண்டு குடுக்கிறது?" என்று சொல்லி அதைச் சேலைத் தலைப்பிற் பொதிந்துகொண்டு, ஆச்சி வாய்க்கால் கட்டின்மேல் ஏறி நடந்தார்.