அச்சுப் பாணும் டின்மீனும்

கோயம்புத்தூரில் பிரெட் கிடைக்கிறது. துண்டு போட்டு உறைக்குள் அடுக்கியது, லேசாக இனிப்பது, தேத்தண்ணியில் தொட்டால் பாதி கோப்பைக்குள்ளேயே தங்கிவிடுவது. நான் தேடுவது அச்சுப் பாண். போறணையிலிருந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும், பிய்த்துத்தான் தருவார்கள். பிய்த்த பக்கம் நார்நாராக இருக்கும். மேல்தோடு கரும்பழுப்பாக, கடிக்கும்போது பல்லுக்குக் கொஞ்சம் வேலை வைக்கும். உப்பு மட்டும் தெரியும், இனிப்பு இருக்காது.

இலங்கையில் எங்கள் தெஹியோவிட்ட டவுனில் பின்னேரம்தான் சூட்டுப் பாண் இறங்கும். அவிசாவளையிலிருந்து கரவனல்ல, யட்டியாந்தோட்டை, கித்துல்கல வழியாக ஹட்டனுக்கு ஏறுகிற ஏ7 வீதி அந்த டவுனுக்குள்ளால்தான் போகிறது. லொறிப் புகை, எந்நேரமும் காயாத மழையீரம், ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம் எல்லாவற்றையும் மீறி பேக்கரி வாசனை பஸ் நிற்கிற இடம்வரை வரும். அம்மா குடையை மடக்கிவிட்டுப் படியேறி, "முதலாளி, பாண் தெகக் தென்ன" என்பார். அம்மாவின் சிங்களம் கடைவீதியில் படித்தது. பாண், சீனி, பருப்பு என்று தொடங்கி, பிறகு பக்கத்துக் கிராமத்துப் பெண்களோடு பிள்ளைகளின் காய்ச்சலைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு வளர்ந்தது. பழைய பத்திரிகைத் தாளில் சுற்றின பாணை நான்தான் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வருவேன். மேட்டிலிருக்கும் ரப்பர் தோட்டத்து லய வீட்டுக்கு ஏறி முடிவதற்குள் ஒரு மூலை என் வயிற்றுக்குள் போயிருக்கும். அம்மா ஏசமாட்டார். மற்ற மூலையை அவர் பிய்த்திருப்பார்.

இங்கே எங்கள் தெருவில் சிறுதானியக் கடை இருக்கிறது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கம்பும் வரகும் தினையும் எல்லோர் பேச்சிலும் வந்துவிட்டன. மைதா விஷம், பாக்கெட்டில் வருவது எல்லாம் குப்பை, பாட்டி காலத்துச் சாப்பாட்டுக்குத் திரும்புவோம் என்கிறார்கள். கம்பங்கூழ் எனக்கும் பிடிக்கும். ஆனால், அவர்களுடைய பாட்டிக்குக் கம்பு விதைக்க ஒரு துண்டுக் காடாவது இருந்தது. என் அம்மாயிக்கு இருந்தது பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பரா. அதுவும் தோட்டத்துக்குச் சொந்தம்.

எங்கள் முன்னோர் கங்காணிக்குப் பின்னால் கடல் கடந்தபோது கம்பும் சோளமும் திருச்சிப் பக்கத்திலும் சேலத்துப் பக்கத்திலும் நின்றுவிட்டன. தோட்டத்தில் சாப்பாடு என்பது சாக்கில் வந்து இறங்குவது. அரிசி நிறுத்துப் போடுவார்கள், சம்பளத்தில் வெட்டிக்கொள்வார்கள். பிறகு கோதுமை மா வந்தது. 1973, 74 பஞ்சத்தில் தோட்டங்களில் ஆட்கள் பட்டினியால் செத்தார்கள். அந்த இரண்டு வருடத்தை அம்மாயி பேசவே மாட்டார். மரவள்ளிக்கிழங்கை மட்டும் அதற்குப் பிறகு அவர் வாயில் வைக்கவில்லை. 1980-இல் திருகோணமலையில் பிரீமா மா ஆலை ஓடத் தொடங்கியது. மா தாராளமாகக் கிடைத்ததும், தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து தட்டின ரொட்டியும் கட்டைச் சம்பலும் எங்கள் விடியற்காலைச் சாப்பாடாக ஊன்றிவிட்டன. எங்கள் பாட்டி காலத்துச் சாப்பாடு என்று யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடியது இதுதான். ஆலையில் அரைத்த வெள்ளை மா, பேக்கரிப் பாண், டின்னில் அடைத்த மீன், பக்கட்டில் வந்த பால்மா. இவற்றைத் தின்றுதான் மூன்று தலைமுறை ரப்பர் பால் வெட்டியது.

என் அம்மா பால் வெட்டியவர். ரப்பர் மரத்துக்கு வெயில் ஏறமுந்திக் கத்தி வைக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும். இருட்டோடு எழும்பி, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, மரம் மரமாகப் பட்டையைச் சீவி, சிரட்டையில் வடிந்ததை இன்னொரு சுற்றுப் போய் வாளியில் சேர்த்து, மலைச்சரிவில் இறங்கி ஸ்டோரில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். மழை பெய்தால் பட்டையில் தண்ணீர் ஓடிப் பால் வீணாகும். அன்றைக்கு வெட்டு இல்லை, பேரும் இல்லை, கூலியும் இல்லை. எங்கள் களனிப் பள்ளத்தாக்கில் மழை பெய்யாத மாதம் எது என்று எங்களுக்குத் தெரியாது. வேலை முடிந்து வந்த பிறகு பீலியில் தண்ணீர், காட்டில் விறகு, பிள்ளைகளின் உடுப்பு. அதற்குப் பிறகுதான் அடுப்பு. அந்தக் கைக்கு, "வீட்டிலேயே இடித்து, அரைத்து, ஊறவைத்துச் சமைத்தால்தான் அன்பு" என்று யாராவது பாடம் நடத்த வந்தால் நான் குறுக்கே நிற்பேன். ஒரு நூடில்ஸ் பக்கட்டைப் பிரித்துக் கொதிதண்ணியில் போட்ட இரவுகளில் அம்மா எங்களோடு இஸ்தோப்பில் வந்து உட்கார்ந்தார். பேன் பார்த்தார். பள்ளிக்கூடக் கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அரை மணித்தியாலத்தை அவருக்கு வாங்கித் தந்தது அந்த மஞ்சள் பக்கட்.

டின்மீனைப் பற்றிச் சொல்லாமல் தாண்ட முடியாது. சம்பள நாளில் வாங்குவது, 425 கிராம் டின். திறக்கிற கருவி எங்கள் லயத்தில் யாரிடமும் இருக்கவில்லை. கத்தி முனையை மூடியில் வைத்து அம்மிக்குழவியால் அப்பா தட்டுவார். முதல் தட்டில் ஓட்டை விழுந்ததும் 'சுர்' என்று உப்புத்தண்ணி பாயும். பூனை எங்கிருந்தோ வந்துவிடும், நாங்களும் வந்துவிடுவோம். அந்தத் தண்ணியை அம்மா ஒரு துளி கொட்டவிடமாட்டார். வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை வதங்கினதும் அதை ஊற்றி, தூள் போட்டு, கொதி வந்த பிறகு மீனை உடையாமல் இறக்குவார். தேங்காய்ப்பால் கடைசியில் ஒரு சுற்று. நடு முள்ளுக்காக எனக்கும் தம்பிக்கும் சண்டை. டின்னுக்குள்ளேயே வெந்து சோக்குக்கட்டிபோல் பொடிந்துவிடும் அந்த முள்ளுக்கு ஈடான மீன்முள்ளை நான் வஞ்சிரத்தில்கூடக் கண்டதில்லை. கறி மிஞ்சினால் மறுநாள் விடிய, இறுகிப்போன குழம்பைப் பாணுக்குள் வைத்து, தாளில் சுற்றி அம்மா மலைக்குக் கொண்டுபோவார். பத்து மணிக்கு மரத்தடியில் பிரித்தால் பாணெல்லாம் சிவந்து ஊறியிருக்கும். பள்ளிக்கூட விடுமுறையில் அம்மாவோடு போய் அதைத் தின்றிருக்கிறேன். இன்று எந்த ஓட்டலில் எதை வைத்தாலும் என் நாக்கு அதோடு நிறுத்துப் பார்க்கும்.

சோயாமீட்டும் அப்படியே. சுடுதண்ணியில் ஊறவைத்து, இறுக்கிப் பிழிந்து, எண்ணெயில் ஓரம் முறுகும்வரை பிரட்டி, பக்கட்டுக்குள் இருக்கும் மசாலாவைக் கொட்டினால் அது ஞாயிற்றுக்கிழமை. இறைச்சி வாங்க முடியாத வீட்டுக்கும் இறைச்சிக்கறி வாசனை வரலாம் என்று ஆக்கித் தந்த பொருள் அது. நான் அதை இறைச்சிக்குப் பதிலாகத் தின்னவில்லை. சோயாமீட் என்றே ஆசைப்பட்டுத் தின்றேன். இப்போதும் ஆட்டிறைச்சியையும் லங்காசோயாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் கை எங்கே போகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

பிஸ்கட்டுக்கு எங்கள் வாழ்க்கையில் இருந்த இடம் பெரியது. மலிபன் 1954-இல் தொடங்கியது. மன்ச்சி பிஸ்கட் செய்யும் சிலோன் பிஸ்கட்ஸ் கம்பனி 1968-இல் முளைத்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான சத்து பிஸ்கட் செய்வதுதான் அதன் முதல் வேலை. கிரீம் கிரேக்கர் எங்களுக்குக் காய்ச்சல் மருந்து, விருந்தாளி மரியாதை, பரீட்சை நாள் காலைச் சாப்பாடு. இரண்டு கிரேக்கருக்கு நடுவில் மாஜரின் தடவி, சீனி தூவி அழுத்தினால் துளைகள் வழியாக மஞ்சளாகப் புழு மாதிரி வெளியே வரும். அதை நக்குவதற்காகவே அழுத்துவோம். லெமன் பஃப் தீபாவளிக்கு. தீபாவளி அட்வான்ஸ் கிடைத்த கையோடு அப்பா ஒரு பிஸ்கட் டின் வாங்கி வருவார். பிஸ்கட் ஒரு கிழமையில் தீர்ந்துவிடும். டின் தீராது. பிறப்புச் சாட்சிப்பத்திரம், அடையாள அட்டை, ஈபிஎப் காகிதம், அம்மாயியின் பிரஜாவுரிமைக் கடிதம் எல்லாம் அதற்குள்தான். 1948-இல் பிரஜாவுரிமை பறிபோன சனம் நாங்கள். காகிதத்தின் அருமை தெரிந்தவர்கள். கலவரம் என்று பேச்சு வந்தால், பிள்ளைக்கு அடுத்தபடியாக அம்மா கையில் எடுப்பது அந்த டின்னை.

திரிபோஷ வேறு கதை, ஆனால் அதையும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சோளம், சோயா, பால்மா சேர்த்து அரைத்த மா. 1973 முதல் அரசாங்கம் கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் நிறை குறைந்த பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசமாகக் கொடுப்பது. தம்பி நிறை குறைந்தவன். அவன் பேரில் வந்த பக்கட்டில் தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டு, கொஞ்சம் வெந்நீர் தெளித்து அம்மா உருண்டை பிடிப்பார். உருண்டை அவனுக்கு மட்டும் இல்லை, லயத்துப் பிள்ளைகள் அத்தனைபேருக்கும். பாதி உள்ளங்கையில், பாதி மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்த உருண்டையை ஒரு பணக்காரக் கடையில் அழகான காகிதத்தில் சுற்றி வைத்தால் இங்கே எத்தனையோபேர் வரிசையில் நின்று வாங்குவார்கள் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

படித்தவர்கள் சொல்வதை நான் கேட்காமல் இல்லை. 2016 சுகாதாரக் கணக்கெடுப்பின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர். தோட்டத்தில் அது கிட்டத்தட்ட முப்பத்திரண்டு. அம்மாவுக்கு இப்போது சீனி வருத்தம். மாவும் சீனியும் சேர்ந்து எங்கள் உடம்பில் எழுதியதை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் குட்டையாக நின்றது கிரேக்கர் தின்றதால் என்று எழுதுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வரும். 2021-இல் தோட்டத் தொழிலாளிக்கு நாட்சம்பளம் ஆயிரம் ரூபா என்று நிர்ணயித்தார்கள். அதற்கே எத்தனை வருடப் போராட்டம். 2022 மார்ச்சில் 400 கிராம் பால்மா பக்கட் 790 ரூபாவுக்கு ஏறியது. ஒரு நாள் முழுக்க மலையில் நின்றவளின் கூலியில் பெரும்பகுதி ஒரு பால்மா பக்கட்டோடு தீர்ந்தது. முட்டையும் பழமும் மீனும் தின்னுங்கள் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அவளுக்கே தெரியும். அந்த மாதங்களில் அம்மா தொலைபேசியில், "பிளேன்டீதான் தாயி, பால்மாவை நெனச்சுக்கூடப் பாக்க ஏலாது" என்றார். எனக்கு அன்றைக்கு நினைவு வந்தது, சின்னதில் உள்ளங்கையில் பால்மாவும் சீனியும் கொட்டி வாய்க்குள் தள்ளி, பேச முடியாமல் நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றது. திருட்டுத்தனமாகத் தின்றதுதான். அம்மா கண்டும் காணாததுபோல் போவார்.

நான் கல்யாணமாகி வந்த வீடும் ஒரு காலத்தில் அங்கிருந்து வந்த வீடுதான். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கோத்தகிரியில் தேயிலைக்குப் போனவர்கள். மாமியார் சின்னப்பிள்ளையாக வந்தவர். முதல் முறை நான் ஊருக்குப் போய்த் திரும்பி வந்தபோது பட்டுச்சேலையை ஓரமாக வைத்துவிட்டு, பையைக் குடைந்து கிரேக்கர் பக்கட்டைத்தான் தேடினார். தேத்தண்ணியில் நனைத்து ஒரு வாய் வைத்தவர், "இது அதேதான் புள்ள" என்றார். அதற்குப் பிறகு எங்கள் இரண்டுபேருக்கும் இடையில் மாமியார் மருமகள் சண்டை எதுவும் ஒரு நாளுக்கு மேல் நீடித்ததில்லை.

ஊரிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் நான் கேட்பதற்குப் பட்டியல் தயாராக இருக்கும். கிரேக்கர், லெமன் பஃப், நெஸ்டமோல்ட், சோயாமீட், கொத்துமீ, டிப்பிடிப், டெல்டா டொபி. டின்மீன் பாரம் என்று எல்லோரும் முனகுவார்கள். அதையும் இரண்டு கேட்பேன். கிரேக்கர் நொறுங்காமல் இருக்க உடுப்புகளுக்கு நடுவில் நிமிர்த்தி வைக்கச் சொல்வேன். பாணை மட்டும் கேட்க முடியாது. கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் தோடு நமர்த்துவிடும். மைதாவில் நானே சுட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் உண்ணக்கூடிய ஒரு பிரெட் வருகிறது, பாண் வருவதில்லை. ஒன்றோடொன்று ஒட்டி வேக அங்கே நூறு பாண் இருக்கும். இங்கே என் அடுப்புக்குள் ஒன்றுதான் இருக்கிறது. வருகிற சித்திரையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கட்டுநாயக்கவில் இறங்கி, கொழும்பு போய், ஹட்டன் பஸ் ஏறினால் பின்னேரத்துக்குள் தெஹியோவிட்ட. அம்மாவிடம் சொல்லிவிட்டேன், சோறு ஆக்க வேண்டாம் என்று.