முதுகுப் பக்கம் எல்லைக்கோடு

2018 ஆகஸ்ட் 24. இந்தோனேசியாவில் பாலெம்பாங் நகரின் ஜக்கபாரிங் ஏரி. ஆசிய விளையாட்டுப் போட்டியின் படகுவலிப்புப் பந்தயம் ஒன்றைக் காணொளியில் பார்க்கிறேன். ஒடுங்கிய நீளப் படகில் நான்கு இந்தியர்கள், ஆளுக்கு இரண்டு துடுப்பு. ஸ்வரண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங், தத்து போகனல். நால்வருக்கும் எல்லைக்கோடு முதுகுப் பக்கம் இருக்கிறது. இந்தப் பந்தயத்தில் முந்துகிறவர் கண்ணுக்குத்தான் மற்றவர்கள் தெரிவார்கள்.

என் பார்வை தத்துவின் கால்களிலேயே நிற்கிறது. முழங்கால்கள் மார்பை முட்டும் அளவுக்கு மடங்குகின்றன. துடுப்பு தண்ணீரில் இறங்கியதும் தொடைகள் உதைக்க, இருக்கை உருண்டு பின்னே போகிறது. பிறகு முதுகு சாய்கிறது. கை வளைவது கடைசியில்தான். படகு வலிப்பதைக் கைவேலை என்று நினைப்பவர்கள் இந்தத் தொடைகளை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அந்த உடம்பு உழைப்பில் உரமேறியது. நாசிக் மாவட்டத்தில், வறட்சி பழகிப்போன சாந்த்வட் வட்டாரத்துத் தளேகாவ் ரோஹி அவர் ஊர். அப்பாவோடு கிணறு வெட்டப் போனவர். 2011இல் அப்பா இறந்துவிட, 2012இல் ராணுவத்தில் சேர்ந்தார். துடுப்பைப் பிடித்தது அதன் பிறகுதான். நான்கே ஆண்டுகளில் ரியோ ஒலிம்பிக்! படகு வலிக்க இந்தியாவிலிருந்து போனவர் அவர் ஒருவரே. ஊரில் அம்மா நினைவு தப்பிக் கிடந்தார். மகன் ஒற்றையர் பிரிவில் 13ஆம் இடம் பிடித்தார். பதக்கம் இல்லையென்று அதைக் கடந்துபோக என்னால் முடியாது.

ஜக்கபாரிங்கில் முந்தின நாள் ஒற்றையர் இறுதிப் போட்டியில் அவர் கடைசியாக வந்திருந்தார். உடம்புக்கு முடியவில்லை என்றார். மறுநாள் இதோ, மூன்று பேருடைய மூச்சோடு தன் மூச்சைச் சேர்த்து இழுக்கிறார். ஒருவர் அசந்தாலும் படகு இழுபடும். இழுபடவில்லை. 2000 மீட்டர், 6 நிமிடம் 17.13 விநாடி. தங்கம்.

அடுத்த ஆண்டு, அந்த ஒற்றையர் பந்தயத்தைப் பாதியில் நிறுத்தினார் என்று சொல்லி இந்தியப் படகுவலிப்புச் சம்மேளனம் அவருக்கு ஈராண்டுத் தடை விதித்தது. மறுநாளே தங்கம் வலித்துக் கொடுத்தவரிடம் முந்தின நாளுக்குக் கணக்குக் கேட்டது எனக்கு இன்றும் ஆறவில்லை. 2020 ஜனவரியில் தடை நீங்கியது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியப் படகில் அவர் இல்லை; அர்ஜுன் லாலும் அர்விந்த் சிங்கும் உட்கார்ந்தார்கள்.