கழிந்த காற்று

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. அங்கு உழைத்த அந்த முதியவருக்குக் கழிந்த காற்று வெளியேறுவதே உயிர்க்காவல். 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று அவருடைய பேத்தி, டர்போ பெட்ரோல் எஞ்சினுக்குள் அதன் புகையையே திருப்பி அனுப்பும் முறையை ஆராய்கிறாள்.

“எரிந்த புகையை எதற்கு மீண்டும் ஊட்டுகிறாய்?”

“குளிர்வித்து அளவாகக் கலந்தால் அது மறுபடி எரியாது, தாத்தா, வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். எரிப்பின் சூடு தணியும். நைட்ரஜன் ஆக்சைடுகள் குறையும். உயர் அழுத்தத்தில் எரிகலவை தானாகப் பற்றிக்கொண்டு எஞ்சின் தட்டுவதும் அடங்கும்.”

“அளவு மிஞ்சினால்?”

“தீ சீராகப் பரவாது, எஞ்சின் திணறும்.”

முதியவர் நெடுநேரம் இருமினார். “எஞ்சினுக்கு அளவு பார்க்க நீ இருக்கிறாய், அம்மா. எங்கள் மூச்சை அளந்தவர் யார்?”