பாலத்து மேட்டில் நீலப் புகை

அப்பாவின் அம்பாசிடர் ஆயில் குடிக்கத் தொடங்கிய வருஷம் நான் ஐந்தாம் வகுப்பு. 1988-இல் பாம்பன் சாலைப் பாலம் திறந்த பிறகு வாங்கிய பழைய பெட்ரோல் வண்டி. அதுவரை ராமேஸ்வரம் தீவுக்குள் வர ரயிலை விட்டால் படகுதான். அக்னி தீர்த்தத்தில் முழுகி, கோயிலுக்குள் 22 தீர்த்தமும் ஆடி, ஈரத்தலையோடு வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு தேவிபட்டினம், திருப்புல்லாணி, தனுஷ்கோடிப் பக்கம் கோதண்டராமர் கோயில் என்று ஓடும்.

விடிகாலையில் அப்பா டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி செருகி எடுப்பார். நுனியில் மட்டும் ஆயில் ஒட்டியிருக்கும். தரையில் ஒரு சொட்டு ஒழுகியிருக்காது. அம்மா நல்லெண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றிய வீட்டில் வண்டி மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தது. ஒரு பட்டறையில் வால்வு சீலை மாற்றச் சொன்னார்கள். மாற்றினோம். காசு போனது, புகை போகவில்லை.

அப்புறம்தான் மண்டபத்து மெக்கானிக் பாயிடம் போனோம். அவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "அண்ணே, பாலத்துக்கு விடுங்க" என்று முன்சீட்டில் ஏறிக்கொண்டார். என்னைப் பின்சீட்டில் முட்டி போட்டு உட்காரச் சொன்னார்.

"தம்பி, பின் கண்ணாடி வழியா புகையப் பாத்துச் சொல்லணும். கறுப்புன்னா பெட்ரோல் கூடுது, வெள்ளைன்னா தண்ணி, நீலம்னா ஆயிலு. கடலப் பாக்காத, ரோட்டப் பாரு. நீலப் புகை கடலோட கலந்துரும்."

கப்பல் போக வழிவிட்டு நடுவில் உயர்ந்து இருபுறமும் சரிகிற பாலம் அது. மேட்டில் ஏறும்போது அப்பா அழுத்தி மிதித்தார். தார் ரோட்டின் மேல் நீலமாக ஒரு நாடா எங்களைத் துரத்திக்கொண்டே வந்தது. "வருது பாய், விடாம வருது!" என்று கத்தினேன். இறக்கத்தில் காலை எடுத்தார், புகை நின்றது. சமதளத்துக்கு வந்து மறுபடி மிதித்தபோது லேசாகத்தான் கிளம்பியது.

"வால்வு கைடு தேஞ்சிருந்தா, இறக்கத்துல கால எடுத்ததும் எஞ்சின் ஆயில உள்ள உறிஞ்சிக்கும். கீழ வந்து மிதிச்சா குப்புனு அடிக்கும். இது ஏத்தத்துல விடாம வருதுண்ணே. ரிங்கு."

அப்படியும் அவர் எஞ்சினைப் பிரிக்கவில்லை. பட்டறைக்குத் திரும்பி பிளக்குகளைக் கழற்றினார். இரண்டு கறுத்து ஈரமாக இருந்தன. ஒவ்வொரு துளையிலும் கம்ப்ரஷன் மீட்டரை வைத்துப் பார்த்தார். அந்த இரண்டிலும் முள் தாழ்வாக நின்றது. அவற்றில் ஒரு கரண்டி ஆயில் விட்டு மறுபடி அடித்தார். முள் ஏறியது. பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியை அந்த ஆயில் சற்று நேரம் அடைத்துவிட்டது. வால்வில் கசிவு என்றால் முள் அசைந்திருக்காது. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இன்றும் இதைத்தான் சொல்கிறேன். ஒரு மேடும் ஒரு கரண்டி ஆயிலும் சொல்வதைக் கேட்காமல் ஹெட்டில் கைவைக்க விடாதீர்கள்.

ரிங் ஏன் தேய்ந்தது? பாய் அதையும் விடவில்லை. ஏர் கிளீனரைத் திறந்தார். அடியில் இருக்கும் கிண்ணத்து ஆயில்தான் காற்றோடு வரும் மணலைப் பிடித்து வைக்கும். எங்கள் கிண்ணத்தில் ஆயில் வற்றி, சேறு இறுகிக் கிடந்தது. ஒரு கிள்ளு எடுத்து என் உள்ளங்கையில் வைத்துத் தேய்க்கச் சொன்னார். நறநறவென்றது. தனுஷ்கோடி மணல். புயலில் அழிந்த ஊரைப் பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு போன ஒவ்வொரு நடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய், உப்புத்தாள் போல பிஸ்டன் ஓடும் சுவரை அரைத்திருக்கிறது. அப்பா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிளாக்கை ராமநாதபுரத்து லேத்துக்கு அனுப்பி போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் மாற்றினார்கள். வண்டியை விற்கும்வரை ஞாயிறுதோறும் அந்தக் கிண்ணத்தை மண்ணெண்ணெயில் கழுவி, கோடு வரை புது ஆயில் ஊற்றியது நான்தான்.