மூன்றாம் வேற்றுமை இல்லாத வாக்கியம்

சென்ற வாரம், இங்கே ஐதராபாத்தில், முதுகலை மாணவர்களுக்குச் செயப்பாட்டுவினை பற்றிய பயிற்சி வகுப்பை நடத்திக்கொண்டிருந்தேன். எல்லோருக்கும் தெரிந்த ஓர் எடுத்துக்காட்டு வேண்டியிருந்தது. நான் அணிந்திருந்த பின்னலாடையின் கழுத்து லேபிள் நினைவுக்கு வந்தது. 'மேட் இன் இந்தியா' என்று பலகையில் எழுதினேன். வகுப்பில் தமிழ் மாணவர் இருவர் இருந்தமையால், 'இந்தியாவில் தயாரிக்கப்பட்டது' என்றும் கீழே எழுதினேன். செய்தவர் யாரெனத் தெரியாதபோதோ, சொல்லத் தேவையில்லாதபோதோ, சொல்லாமலே விளங்கும்போதோ கருத்தா மறைகிறது என்று விளக்கினேன். "இங்கே இந்த மூன்றில் எது?" என்று ஒரு மாணவி கேட்டார். "முதலாவது, தெரியாதது" என்றேன்.

விடுதி அறைக்குத் திரும்பிய பிறகுதான் அந்த விடை உறுத்தத் தொடங்கியது. என் அம்மா திருப்பூரில் பதினான்கு ஆண்டுகள் ஏற்றுமதி ஆடைகளுக்கு லேபிள் வைத்துத் தைத்தவர். இப்போது செக்கிங் பிரிவில் இருக்கிறார். அந்த வாக்கியத்தின் கருத்தா யாரெனத் தெரியாது என்று சொல்ல உலகில் எவருக்கேனும் உரிமை இல்லையென்றால், அது எனக்குத்தான்.

தமிழ் இலக்கணத்தை வைத்து அந்த லேபிளை மறுபடி படித்துப் பார்த்தேன். 'இந்தியாவில்' என்பது ஏழாம் வேற்றுமை, இடப்பொருள். சட்டங்கள் வழங்கும் 'பிறப்பிட நாடு' என்ற தொடரின் உட்பொருள் ஐந்தாம் வேற்றுமையைச் சேர்ந்தது. எங்கிருந்து நீங்கி வந்தது என்பதே அதன் கேள்வி. கருவியையும் கருத்தாவையும் சுட்டும் மூன்றாம் வேற்றுமைதான் அந்த வாக்கியத்தில் இல்லை. யாரால் என்ற கேள்வி அங்கே எழுவதே இல்லை.

இது தற்செயலன்று. 1887ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் குறிச் சட்டம், உள்நாட்டுப் பொருள்போல் தோற்றமளிக்கும் பெயரோ குறியோ தாங்கி வரும் அயல்நாட்டுச் சரக்குகள் தம் நாட்டை வெளிப்படுத்த வேண்டும் என்றது. அதன் நோக்கம் வாங்குபவரை எச்சரிப்பது. அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டத்தின் 304ஆம் பிரிவு இன்றும் நடைமுறையில் உள்ளது. இறக்குமதிப் பொருளின் பிறப்பிட நாட்டை, அதன் ஆங்கிலப் பெயரால், கண்ணில் படும் இடத்தில், இறுதியாக வாங்குபவர் படித்தறியும் வகையில் குறிக்க வேண்டும் என்பது அதன் விதி. எழுத்து எந்த மொழியில் இருக்க வேண்டும், எவர் படிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. அதைத் தைப்பவர் படிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. பதினான்கு ஆண்டுகளும் அவர் அந்தச் சொற்களை வடிவத்தாலேயே அறிந்திருந்தார்.

ஆனால் அந்த விதியை அவர் கையால் அறிந்திருந்தார். சட்டை போன்ற மேலாடைகளில் நாட்டின் பெயர் கழுத்தின் உட்புறம், இரு தோள் தையல்களுக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சுங்கத்துறையின் நெறி. அம்மா அதைச் சொல்லும் விதம் வேறு: "கழுத்துக்கு நடு மத்தியில நிக்கோணும் கண்ணு. தள்ளிப் போச்சுன்னா பீஸு திரும்பி வந்துரும்." நான் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, யாரோ தாளில் தவறாகக் குறித்ததால் ஒரு லாட் முழுவதற்கும் நாட்டுப் பெயர் பக்கத் தையலில் போய்விட்டது. இரண்டு இரவுகள் உட்கார்ந்து பிரித்துப் பிரித்துத் தைத்தார்கள். அந்த இரவுகளுக்குக் கூலி தரப்படவில்லை. தவறு தாளில் நேர்ந்தது. திருத்தியவை அவர்கள் கைகள்.

இன்னும் வியப்பானது, அமெரிக்க விதிப்படி ஓர் ஆடையின் பிறப்பிடத்தைப் பெரும்பாலும் முடிவு செய்வதே தையல்தான் என்பது. 1996 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி, வெட்டிய துண்டுகள் எந்த நாட்டில் முழுமையாக இணைக்கப்படுகின்றனவோ அதுவே பிறப்பிடம். அதற்கு முன்னர்ப் பல வேளைகளில் வெட்டிய நாடே பிறப்பிடமாகக் கொள்ளப்பட்டது. பருத்தி அமெரிக்காவிலேயே விளைந்திருக்கலாம், துணி சீனாவில் உருவாகியிருக்கலாம். திருப்பூரில் தைத்து இணைத்தால் அது இந்திய ஆடை. ஆக, அம்மாவைப் போன்றோரின் வேலையே அந்த ஆடைக்குப் பிறந்த நாட்டைத் தருகிறது. வாக்கியத்தில் நாடு மட்டும் நிற்கிறது.

கருத்தாவுக்கு அங்கே இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. அமெரிக்க ஆடை லேபிளில் தயாரிப்பாளர், இறக்குமதியாளர், விற்பவர் ஆகியோருள் ஒருவரின் பெயரோ பதிவு எண்ணோ இருக்க வேண்டும். நம் நாட்டிலும் 2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள், இறக்குமதிப் பொட்டலங்களில் நாட்டின் பெயரோடு இறக்குமதியாளரின் பெயரையும் முகவரியையும் கேட்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் ஆடையின் இழை விவரத்தைக் கட்டாயமாகக் கேட்கிறது. நாட்டின் பெயரைக்கூடக் கட்டாயமாக்கவில்லை. எங்கே கேட்டாலும், பொறுப்பேற்கும் நிறுவனம்தான் கருத்தாவாகிறது.

லேபிள் ஒருமுறை எதிர்த்திசையில் படிக்கப்பட்டதும் உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்காவுக்கு அருகே சாவரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தனர். அங்கே எந்தெந்த நிறுவனங்களுக்காக ஆடைகள் தைக்கப்பட்டன என்பதை நிறுவத் தொழிலாளர் செயற்பாட்டாளர்கள் இடிபாடுகளுக்குள் லேபிள்களைத் தேடி எடுத்தார்கள். தைத்தவரைப் பற்றி எதுவும் சொல்லாத அந்தத் துணித்துண்டு, தைக்கச் சொன்னவரைக் காட்டிக்கொடுத்தது.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள் பலவற்றின்மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதத்தை எட்டியது. எந்த ஆடைக்கு அந்த வரி என்பதையும் பிறப்பிட விதியே தீர்மானித்தது. வாக்கியத்தின் ஏழாம் வேற்றுமைமேல் விழுந்த அடி, அதில் இல்லாத மூன்றாம் வேற்றுமைக்கு வலித்தது. "வாரத்துல மூணு நாளுதான் வேலைங்கண்ணு" என்று அந்த மாதங்களில் அம்மா தொலைபேசியில் சொன்னார். நான் அப்போது ஆய்வேட்டின் இரண்டாம் இயலைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த வகுப்பில் என் விடையைத் திருத்திக்கொண்டேன். கருத்தா மறைவதற்கு நான் சொன்ன மூன்று காரணங்கள் போதா. வாக்கியத்தை எழுதச் சொல்பவருக்கு அந்தத் தகவல் வேண்டாம் என்பதும் ஒரு காரணம் என்றேன். 'தெரியாதது' என்று நான் சொன்னது பிழை என்பதையும், ஏன் பிழை என்பதையும் சொன்னேன். அந்த மாணவி எதுவும் பேசாமல் தன் குறிப்பேட்டில் ஒரு வரியை அடித்தார்.

அன்று இரவு அம்மாவிடம் இதைச் சொல்லி, "லேபிளில் உங்கள் பெயரையும் போட்டால் எப்படி இருக்கும் அம்மா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டுச் சொன்னார்:

"பேரெல்லாம் வேண்டாங்கண்ணு. தையல் பிரிஞ்சா என்னையத்தான் கேப்பாங்க. அந்த ரெண்டு ராத்திரிக் கூலியக் குடுக்கச் சொல்லு."