தன் குரல் தனக்கே கேட்காமல்

மணலியில் ஆன்டெனா வைத்துக் காப்பாற்றுவது தனி வித்தை. கிழக்கே இருந்து கடல் உப்பு வருகிறது. ஆலைப் புகைக்குத் திசையே கிடையாது. மொட்டை மாடியில் நிறுத்தியிருந்த குழாயின் அடியில் உட்கார்ந்து, கேபிள் முனையிலிருந்த கனெக்டரைக் கழற்றிக் காட்டினார் அண்ணன். செம்புப் பின்னல் பச்சை பூத்துக் கிடந்தது. "தாம்பரத்துல அஞ்சு வருசம் வர்ற கேபிள் இங்க ரெண்டு வருசம் தாண்டுனா பெருசு சார்" என்றார். ஆலை ஒன்றில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஹாம் ரேடியோக்காரர்கள் வயது பார்க்காமல் ஒருவரையொருவர் 'ஓஎம்' (ஓல்டு மேன்) என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். இவர் மட்டும் எல்லோருக்கும் அண்ணன்.

அவரும் நண்பர்களும் சேர்ந்து நடத்துவது ஒரு ரிப்பீட்டர். கையடக்க செட்டின் ஐந்து வாட் சிக்னல் தெருமுனைக் கட்டடத்தில் முட்டி நின்றுவிடும். அதை உயரத்தில் வாங்கி, பலமாகத் திருப்பி அனுப்புவதுதான் ரிப்பீட்டரின் வேலை. விஎச்எஃப் அலை ஏறக்குறைய கண்ணுக்கு எட்டும் தொலைவுதான் போகும். தரையிலிருந்து 25 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா இருந்தால் அடிவானம் சுமார் 20 கிலோமீட்டர். ஏற்காடு மாதிரி 1,500 மீட்டர் மலையில் வைத்தால் 160 கிலோமீட்டர். மலையில் வைத்தால் பாதி வேலையை மலை பார்த்துக்கொள்ளும். சமதரையான வடசென்னையில் முழு வேலையும் ஆள் தலையில்தான்.

அதிலும் பெரிய வேலை ஒன்று உண்டு. ரிப்பீட்டர் ஒரே நேரத்தில் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும். இரண்டு மீட்டர் அலைவரிசையில் இரண்டுக்கும் நடுவே இடைவெளி வெறும் 600 கிலோஹெர்ட்ஸ். 25 வாட்டில் பேசும்போது ஆன்டெனா கேபிளில் 35 வோல்ட் ஓடுகிறது. அதே கேபிளில் தூரத்திலிருந்து வந்து சேரும் குரலோ ஒரு வோல்ட்டில் ஐம்பது லட்சத்தில் ஒரு பங்கு. தன் கூச்சலில் அந்த முனகல் அமுங்கிவிடாமல் காப்பதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் மொத்தமும் இருக்கிறது.

ஆரம்பத்தில் அவர்கள் இதற்குக் கண்ட வழி, இரண்டு வீடு. காயலான் கடையில் எடைக்கு வாங்கிய கிரிஸ்டல் செட்டுகளில் ஒன்று இந்த மாடியில் பேசும். இன்னொன்று நாலைந்து தெரு தள்ளி ஒரு நண்பர் வீட்டு மாடியில் கேட்கும். நடுவே ஒரு யுஎச்எஃப் இணைப்பு. அந்த வீட்டில் கரண்ட் போனால் ரிப்பீட்டர் செவிடு.

அப்புறம்தான் ஒரே ஆன்டெனாவில் கேட்கவும் பேசவும் விடும் டூப்ளெக்ஸர் செய்தார்கள். மாடி அறையில் அரை மீட்டருக்கு மேல் உயரமான ஆறு உலோக உருளைகள் நிற்கின்றன. மூன்று ரிசீவர் பக்கம், மூன்று டிரான்ஸ்மிட்டர் பக்கம். உள்ளே கால் அலைநீளத்துக்கு ஒரு தண்டு. மேலே திருகினால் அது ஏறி இறங்கும். ஒவ்வொரு உருளையும் ஒரு அலைவரிசையை விட்டு மற்றொன்றை மறிக்கும். திருவொற்றியூர் லேத்துப் பட்டறையில் கடைந்து, சவுகார்பேட்டையில் வெள்ளி முலாம் பூசியது. "இது இன்னா சைலன்சரான்னு லேத்துக்காரர் கேட்டாரு" என்று சிரித்தார். தன் கூச்சலை அடக்குவதுதானே இதன் வேலை, நான் அதைத் தப்பென்று சொல்லமாட்டேன். வெயிலில் உலோகம் விரிந்தால் டியூனிங் நகர்ந்துவிடும். அதனால் சித்திரையில் ஒருமுறை, மார்கழியில் ஒருமுறை திருக வேண்டும். முன்பு காதையும் மீட்டரையும் நம்பி இரவெல்லாம் செய்ததை, இப்போது ஒரு பொறியியல் மாணவி உள்ளங்கை அளவு நானோவிஎன்ஏ கருவியில் கோடு பார்த்து அரை மணி நேரத்தில் முடிக்கிறாள்.

மற்ற மாற்றங்களையெல்லாம் புயல்கள் செய்ய வைத்திருக்கின்றன. 2016 டிசம்பர் 12 வர்தாவில் குழாய் வளைந்தது. இப்போது நாலு பக்கமும் ஸ்டே கம்பி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழை. மணலித் தொழிற்பேட்டையிலிருந்து எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகம் வரை படர்ந்ததே, அதே மழை. கீழ்த்தளத்தில் இருந்த பேட்டரி அதில் மூழ்கியது. இப்போது அது மாடியில், இரும்பு ஸ்டாண்டின் மேல்.

டிஜிட்டலுக்குப் போகலாம் என்கிறாள் மாணவி. டிஎம்ஆர் முறையில் ஒரே அலைவரிசையில் இரண்டு உரையாடல் ஓடும். "போலாம்மா. ஆனா மீஞ்சூர்ல ஒர்த்தர் இருபது வருசத்துப் பழைய செட்டு வெச்சிருக்காரு. வெள்ளத்துல அவருதான் கூப்புடுவாரு" என்றார் அண்ணன்.

"ரெண்டையும் வெச்சுக்கலாமே அங்கிள்."

"துட்டு?"

எனக்கு அண்ணன் கட்சிதான். சிக்னல் தேயும்போது டிஜிட்டல் குரல் சட்டென்று அறுந்துவிடும். இப்போதுள்ள எஃப்எம் குரல் இரைச்சலுக்குள் போனாலும் பழகிய காது இரண்டு வார்த்தையையாவது பிடித்துவிடும்.

துட்டுக் கேள்வி இந்த ஊருக்குப் பழசு. 1924இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப், ஆர்வலர்கள் சேர்ந்து நடத்திய ஒலிபரப்பு. 1927இல் பணமில்லாமல் நின்றது. அந்த டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சி கைக்குப் போய், 1930 ஏப்ரல் 1இல் மறுபடி பேசியது. இந்த மாடிக்கு மாநகராட்சி வரப்போவதில்லை. மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போடுகிறார்கள். மற்றது அண்ணன் பென்ஷன்.

இப்போதைய பிரச்சினை பேட்டரி. 150 ஆம்பியர்-மணி டியூபுலர். பாதிக்கு மேல் இறக்கக் கூடாது என்றால் கரண்ட் இல்லாமல் ஒன்றரை நாள் தாங்கும். வர்தாவுக்குப் பிறகு பல பகுதிகளில் கரண்ட் வர அதைவிட அதிக நாள் ஆனது. லித்தியம் வாங்கலாம் என்கிறாள் மாணவி. சோலார் பேனல் ஒன்று சேர்த்தால் பழையதே போதும் என்கிறார் அண்ணன். ஐப்பசிக்குள் முடிவு செய்தாக வேண்டும்.